தெளியாத ரசம்

ஒதிய மரத்தடியில் அன்றைக்கும் முட்டை உடைந்து கிடந்தது.

பழனிச்சாமி பூக்குடலையோடு அப்படியே நின்றுவிட்டான். ஓடுகளுக்கு நடுவே மஞ்சள் கருக்கள் வானத்தைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தன. கிளையிலிருந்த காக்கை குனிந்து பார்த்ததே தவிர, இறங்கவில்லை.

ஆள் நடமாட்டமில்லாத கொல்லைப்புறம் அது. மரத்துக்கு இந்தப் பக்கம் அவன் வீடு, அந்தப் பக்கம் சந்தனமேரி வீடு. எல்லையில் முட்டை உடைத்தால் அது செய்வினைதான் என்று ஆவூரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

உள்ளே அவன் மனைவி உண்ணாமலை கிடந்தாள். பெற்ற பிள்ளை தங்கவில்லை. போன ரத்தமும் திரும்பவில்லை. வாழைத்தண்டாக வெளுத்திருந்தாள்.

"பொழுது சாயயில மரத்தடியில யாரோ வெள்ளையா வந்து நிக்கிறாங்க," என்றாள். "என்னமோ முணுமுணுக்கிறாங்க. நடுவுல எம்பேரு வருது."

காலையும் மாலையும் ஒரு கரண்டி திராட்சை ரசம் உள்ளே போனால்தான் அவள் பிழைப்பாள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மதுவிலக்கு வந்த புதிது. மாதா கோயிலுக்கு மட்டும், பூசைக்கென்று சர்க்கார் அனுமதி உண்டு. வெளியே ஒரு சொட்டு போனாலும் சாமியாருக்குத்தான் வில்லங்கம். கோயில் ரசம் போடுகிறவள் சந்தனமேரி. ஆனாலும் விஷயம் கேள்விப்பட்டதும் முந்தானைக்குள் மறைத்து ஒரு குப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

உண்ணாமலை அதைக் குடிக்க வாயைத் திறக்கவில்லை. சிவன் கோயிலுக்குப் பூக்கட்டும் சைவக் குடும்பம். அந்த வீட்டில் முட்டை வாடை அடித்தது என்று பேச்சு கிளம்பினாலே போதும், மறுநாள் மாலை கட்டுவது வேறு கையாக இருக்கும்.

கோயில் ரசத்தில் முட்டை போடுவார்களாமே என்று அவள் கேட்டாள். சந்தனமேரி ஒளிக்கவில்லை. வெள்ளைக்கருவை அடித்துச் சாடியில் விட்டால் அது கசடையெல்லாம் இழுத்துக்கொண்டு அடியில் போய்த் தங்கிவிடும், ரசம் தெளிந்துவிடும் என்றாள்.

"வெளக்குக்கு நேரா புடிச்சுப் பாரு தாயி. கண்ணாடியாட்டம் நின்னா முட்டை பட்டது. இப்புடி மங்கலா நின்னா படாதது. இன்னம் போடலை."

"போட்டப்பறம்?"

"நீ எந்திரிச்சு நட. அப்பறம் பாப்போம்."

கலங்கல் ரசம் குப்பியில் நின்றால் பங்குனி வெயிலுக்குப் புளித்துவிடும். அதனால் அவ்வப்போது சாடியிலிருந்தே எடுத்து வந்து கொடுத்தாள்.

அன்று மாலை பழனிச்சாமி வைக்கோல்போர் மறைவில் நின்று பார்த்தான்.

வெளிச்சம் மங்கும்போது வெள்ளைச் சேலை ஒன்று மரத்தடிக்கு வந்தது. சந்தனமேரி. மடியிலிருந்து முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வேரில் தட்டி உடைத்தாள். உதடு ஓயாமல் அசைந்தது. "உண்ணாமலை" என்ற பெயர் அவன் காதிலும் விழுந்தது. கடைசியில் முழங்காலிட்டு, கண்ணை மூடி, மார்பில் அடித்துக்கொண்டாள்.

பழனிச்சாமிக்குச் சந்தேகமே இல்லை, செய்வினைதான். தன் கையாலேயே மனைவி வாயில் ஊற்றிவந்த அந்தச் சிவப்பு என்ன ரசமோ என்று நினைத்தான்.

விடிந்ததும் பூவரச இலையால் ஓடுகளைத் தொடாமல் அள்ளி, துண்டில் முடிந்துகொண்டு கிளம்பினான். உண்ணாமலை சுவரைப் பிடித்து நடந்து வந்து துண்டைப் பற்றினாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். அவன் உதறிவிட்டுப் போனான். ஊரறிய சாமியாரிடம் சொல்லி, சந்தனமேரியை ஊரைவிட்டே விரட்டாமல் திரும்புவதில்லை என்று வைராக்கியம்.

மாதா கோயிலில் சாமியார் ஒரு கண்ணாடிக் குவளையைச் சன்னலுக்கு நேரே பிடித்திருந்தார். எதிரே சந்தனமேரி.

"பெரிய வியாழன் வந்துருச்சு. ரசம் குட்டைத் தண்ணியாட்டம் கெடக்கு. தவக்காலம்னு ஊரே முட்டை திங்காம, கோழி இட்டதையெல்லாம் கோயிலுக்குன்னு ஒங்கிட்டக் குடுத்துருக்கு. எங்க அதெல்லாம்?"

அவள் தலை குனிந்து நின்றாள். பேசினால் ரசம் யார் வீட்டுக்குப் போனது என்பதும் வெளியே வரும்.

"நீதான் தின்னுருக்க. அதுவும் தவக்காலத்துல. இனிமே இந்தப் படி ஏறாத."

பழனிச்சாமி கையிலிருந்த முடிச்சைப் பார்த்தான். அள்ளும்போது கண்ணில் பட்டதுதான், மனதில் படவில்லை. ஓடுகளில் மஞ்சள் கரு மட்டும் ஒட்டியிருக்கவில்லை. வெள்ளையும் அப்படியே காய்ந்திருந்தது. ஒரு துளிகூடச் சாடிக்குள் போகவில்லை. முட்டை கையில் இருந்தால் சாடியில் விடச் சொல்வார்கள் என்றுதான் அவளே உடைத்துக் கொட்டிவிட்டு, உண்ணாமலைக்காக வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

துண்டைப் பற்றிய உண்ணாமலையின் விரல்கள் நினைவுக்கு வந்தன. நகங்களில் லேசாகச் சிவப்பு ஓடியிருந்தது. அவள் எழுந்து நடந்தாள் என்பதே அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

சாமியார் திரும்பினார். "பூக்காரரே, எங்க இங்கிட்டு? கறிக்கடைத் தெருப்பக்கமே கால் வைக்காத ஆளு. துண்டுல என்ன?"

சந்தனமேரி நிமிர்ந்து பார்த்தாள். சொல்லாதே என்பதுபோல் தலையை லேசாக ஆட்டினாள்.

பழனிச்சாமி முடிச்சை அவிழ்த்தான். வெறுங்கையால் ஓடுகளை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"அக்காவ ஒண்ணுஞ் சொல்லாதீங்க சாமி. முட்டையெல்லாம் திருடித் தின்னது நான்தான்."