நீல வேனைப் பார்த்தவர்கள்

“அந்தம்மாவின் கண்ணில் பயம் தெரிந்தது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்த பையன்கள் ஒவ்வொருவர் முகத்தையும் உற்று உற்றுப் பார்த்தார். யாரிடமாவது உதவி கேட்கத் துடித்தார்” என்று அடித்து முடித்து, குழுவுக்கு அனுப்பினான் எழிலரசன்.

“நீ இன்னா, பக்கத்துல நின்னு பாத்தியா?” என்று கல்லாவிலிருந்து கேட்டாள் கலைமதி. ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த பிரவுசிங் சென்டர் அவளுடையது.

“ஒரகடத்துல கம்பெனி கேட்டுல நிக்கிற செக்யூரிட்டி பாத்தாருக்கா. பயம்னு மட்டும் நான் சேத்துகினேன். வேற இன்னாவா இருக்கும்?”

இரண்டு மாதமாக அந்த இணையக் குழுவில் இதே பேச்சுதான். அம்பாசமுத்திரத்து ஆறுமுகநயினார், பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். ஒரு பழைய நீல வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்தி, அதையே வீடாக்கிக்கொண்டு மனைவி நாச்சியாருடன் கிளம்பியவர்.

மதுரைப் பக்கம் வழியில் அவர்களைச் சந்தித்து, அந்த வேனிலேயே இட்லி சாப்பிட்ட சிங்கப்பூர்த் தமிழர் ஒருவர்தான் முதலில் எழுதினார். “கோயில் கோயிலாகப் போகிறோம், பொங்கலுக்குக் காஞ்சிபுரத்தில் பார்ப்போம் என்றார்கள். வரவே இல்லை. ஊரில் வீடும் பூட்டிக் கிடக்கிறதாம். யாராவது பார்த்தீர்களா?” கூடவே வேனின் படம்.

துபாய்க்காரர் ஒருவர் கடத்தல் என்றார். நியூஜெர்சிக்காரர், பெரியவரை முடித்துவிட்டு வேறு எவனோ வேனை ஓட்டுகிறான் என்று அடித்துச் சொன்னார். வேன் இந்தப் பக்கம் தென்பட ஆரம்பித்ததும், பென்னலூர்க்காரனான எழிலரசன் குழுவுக்கே கண் ஆகிப்போனான். கம்பெனியில் நாள் முழுக்க போல்ட் முடுக்குகிறவனை அமெரிக்காவே ‘எழில் சார்’ என்று கூப்பிட்டது.

அவனுக்கு ஒருவன்மேல்தான் சந்தேகம். ‘வழிப்போக்கன்’ என்ற பெயரில் எழுதுகிறவன். மற்றவர்களெல்லாம் “உயிரோடு இருக்கிறார்களா?” என்று பதறினால், இவன் மட்டும் “எந்த கேட்டில் நின்றார்கள்? எத்தனை மணி வரை?” என்றே கேட்டுக்கொண்டிருந்தான்.

“போன வாரம் காலைல எழுதினான். இந்த வாரம் நாலு மணிக்கு மேல எழுதறான்” என்றான் எழிலரசன். “போன வாரம் செகண்ட் ஷிப்ட், இந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட். ஆளு துபாயும் இல்ல, சிங்கப்பூரும் இல்லக்கா. இங்கதான் எதுனா கம்பெனில கீறான். இந்தப் பக்கம் கீறதே ரெண்டு சென்டரு. ஒண்ணு உன்னுது.”

“தோ வந்துட்டாரு சிஐடி! யார் மேலயாவது வாய்க்கு வந்த பழியப் போடாத. நான் குன்றத்தூர் முருகன்கிட்ட வேண்டிகினு கீறேன். ரெண்டு பேரும் நல்லபடியா வூடு போய்ச் சேருவாங்க.”

அப்போது எழிலரசனின் செல்போன் அடித்தது. அவன் அம்மா. பென்னலூர் ஏரிக்கரையில் ஒரு நீல வேன் நிற்கிறதாம், ஒரு வயசான அம்மா அடுப்பு பற்றவைக்கிறாராம்.

அவன் அவசரமாக அடித்தான்: “வேன் இப்போது பென்னலூர் ஏரிக்கரையில் நிற்கிறது.”

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நாலாம் நம்பர் தடுப்புக்குள் விசைப்பலகை படபடவென்று சத்தம் போட்டு நின்றது. எழிலரசனின் திரையில் பதில் வந்து விழுந்தது. வழிப்போக்கன்: “ஏரிக்கு எந்தப் பக்கம்? எவ்வளவு நேரம் நிற்பார்கள்?”

எழிலரசன் எழுந்து தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தான். அங்கேயும் அதே வரி. ஆயில் கறை படிந்த யூனிபாரத்தில் ஒல்லியாக ஓர் இளைஞன்.

“மாட்னியாடா!” சட்டையைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்தான். “அந்தப் பெரியவங்கள இன்னா பண்ண?”

“நான் ஒண்ணும் செய்யல, அண்ணாச்சி.”

“அப்பறம் எதுக்கு டெய்லி அவங்க நிக்கிற எடத்தக் கேக்கற?”

“அந்தப் பக்கம் போயிராம இருக்கத்தான் கேட்டேன். அவிய கண்ணுல நான் பட்டுரக் கூடாது.”

“கேட்டுக்கோக்கா! அவங்க பாத்துட்டா இவன் காலி. டேய், தப்பு பண்ணவன் நீதான?”

“ஆமா அண்ணாச்சி” என்றான் அவன், தலை குனிந்தபடி. “தப்பு பூராவும் எம்மேலதான்.”

எழிலரசன் போலீஸுக்குச் சொல்ல செல்போனை எடுத்தான். கலைமதி அதை அவன் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தாள்.

“மொதல்ல சட்டைய விடு. அவனும் ஒரு தாய் பெத்த புள்ளதான்.” குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு நீட்டினாள். “இந்தா, குடி தம்பி. டூட்டி முடிஞ்சி எதுனா சாப்ட்டியா?”

அத்தனை அதட்டலுக்கும் அழாமல் நின்றவன், அந்தக் கேள்விக்கு உடைந்துபோனான். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். எழிலரசனின் கை தானாகச் சட்டையை விட்டது.

“ரெண்டு வருசமாச்சுக்கா, என்னைய ஒருத்தர் இப்படிக் கேட்டு” என்றவன், எழிலரசனை நிமிர்ந்து பார்த்தான்.

“எங்க அய்யாவும் அம்மையும் காணாமப் போவல, அண்ணாச்சி. காணாமப் போனவன் நான்.”