செம்பருத்தி சொன்னது

ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில், ராட்டினத்துக்கு வரிசை நிற்கும் இடத்தில், தொட்டியில் ஒரு செம்பருத்தி இருந்தது. அதன் இலையொன்றில் ஒயர் மாட்டி ஸ்பீக்கரோடு இணைத்திருந்தார்கள். இலையைத் தொட்டால் செடி பேசும் என்று பலகையில் எழுதியிருந்தது. ஸ்பீக்கர் கூட்டத்தைப் பார்த்து இருந்ததால், அது பேசுவது அந்த இரைச்சலில் செடிக்குக் கேட்காது.

நாலு நாளாகத் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. தொட்ட ஒவ்வொருவரிடமும் செம்பருத்தி, "தாகமா இருக்கு, கொஞ்சம் தண்ணி ஊத்துங்க" என்றது. எல்லாரும் சிரித்துவிட்டுப் போனார்கள். மனுஷருக்கு இவ்வளவு கல்நெஞ்சா என்று அது மறுகியது.

அன்று பெருக்க வந்தவர் ஸ்பீக்கரைச் செடியின் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார். சற்று நேரத்தில் ஒருவர் இலையைத் தொட்டார். செம்பருத்தி தண்ணீர் கேட்டுக் கெஞ்சியது.

"நான் ரொம்ப சந்தோஷமா இருக்கேன். இன்னொரு தடவை தொடுங்க" என்றது ஸ்பீக்கர்.

செம்பருத்தி ஸ்பீக்கரிடம் சொன்னது: "அண்ணே, நான் அப்படிச் சொல்லலையே."

"தெரியும்மா. வந்தவங்க மனசு கோணக் கூடாதுன்னு எனக்கு அதைத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"முதல் நாள்லேருந்தா?"

"முதல் நாள்லேருந்து."

ஒயர் மாட்டிய இலை வாடிக் கழன்று விழுந்தது. ஸ்பீக்கரும் ஊமையானது.

வரிசையில் அடுத்து நின்ற பெண், செடி ஏன் பேசவில்லை என்று குனிந்து பார்த்தாள். மண்ணைத் தொட்டாள்.

"அடப்பாவமே, காஞ்சு கெடக்கே" என்று தன் தண்ணீர் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தாள்.