காணாமல் போன டேம்பர்கள்

"இந்தா பாருங்க, இன்னிக்கும் ரெண்டு டேம்பரைக் காணோம்!" அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள் ஜூடி.

கல்மண்டபம் பகுதியில் அவள் புருஷன் டெரிக்கின் மரக்கடை. முன்பக்கம் அலமாரி, கட்டில். பின்பக்கம் சவப்பெட்டி. கதவோ மூடியோ படாரென்று அடிக்காமல் மெல்ல மூடுவதற்குப் பொருத்துவதுதான் டேம்பர். அலமாரி வேலைக்கென்றே வாங்கி வைப்பது.

"எலி தூக்கிகினு போயிருக்கும்" என்றான் டெரிக்.

"ஆமா, எலி வூட்டுல மாடுலர் கிச்சன் போடுதாம்! எல்லாம் நோயல்தான். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனப்புறம் அவன் மட்டும் பின்னால பூந்துக்குறான். நானே பார்த்தேன்."

"பதினோரு வருசமா நம்ம கூட கீறான் ஜூடி."

"டோல்கேட்டுல அவன் மச்சான் பர்னிச்சர் கடை தொறந்து ரெண்டு மாசம் ஆவுது. அது தெரியுமா ஒங்களுக்கு?"

அது டெரிக்குக்குத் தெரியாது.

"கையும் களவுமா புடிங்க. இன்னியோட வேலைய வுட்டு அனுப்பிருங்க."

மணி ஒன்றரை. மிஷின் சத்தம் நின்றது. ஆட்கள் சாப்பிடக் கிளம்பினார்கள். நோயல் மட்டும் சாப்பாட்டுப் பையைத் தொடாமல், இருபக்கமும் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போனான். சட்டைப்பை புடைத்திருந்தது.

கொஞ்ச நேரம் பொறுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு இருவரும் பின்பக்கம் போனார்கள்.

"இன்னா நோயலு, மச்சான் கடைக்குப் பார்சலா?" என்றாள் ஜூடி.

அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது.

அவன் முன்னால் வெள்ளை பெயின்ட் அடித்த ஒரு பெட்டி. இரண்டடி நீளம்கூட இருக்காது. காலையில் வந்த ஆர்டர். அதன் மூடியில் இரண்டு டேம்பர்கள்.

"சவப்பெட்டிக்கா போட்டே?" டெரிக்குக்குக் கோபமே வந்துவிட்டது. "மண்ணுக்குள்ள போறதுக்கு இது இன்னாத்துக்குடா? ஒரேவாட்டி மூடப் போறாங்க!"

"அந்த ஒருவாட்டிக்குத்தாண்ணே. கொழந்த பொட்டிக்கு மட்டுந்தான் போடுறேன். சம்பளத்துல புடிச்சுக்க."

குனிந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான் நோயல்.

"எம் புள்ள பொட்டிய மூடுனப்போ டமார்னு ஒரு சத்தம் வந்துச்சு. ஒம்பது வருசமாச்சு. இன்னிக்கும் எம் பொண்டாட்டி வூட்டுல ஒரு கதவையும் சாத்த வுடமாட்றா."