பாட்டு கேட்க மட்டும்

கடையின் கண்ணாடி மேசைமேல் இரண்டும் அருகருகே கிடக்கின்றன. தீப்பெட்டி அளவில் ஓர் எம்.பி.த்ரீ பிளேயர், பக்கத்தில் கருகருவென்று ஒரு ஸ்மார்ட்போன். குழல்விளக்கின் வெளிச்சம் போனின் முகத்தில் வெள்ளைக் கோடாக விழுந்திருக்கிறது. "பொறந்தநாளுக்குப் பாட்டு கேக்கத்தானே கேட்டே? இது போதும்ல?" அப்பா ஒற்றை விரலால் பிளேயரை மகளின் பக்கம் நகர்த்துகிறார். பதின்மூன்று வயதுக்காரி அதைத் தொடவில்லை. "போன்லயும் பாட்டு கேக்கலாம் சார், பேசவும் பேசலாம்," என்கிறாள் கடைப்பெண், ஒன்றும் தெரியாமல். அப்பாவின் தாடை இறுகுகிறது. பேசுவதென்றால் யாரிடம் என்று இருவருக்கும் தெரியும். அம்மா வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. அவள் பேச்சை எடுத்தாலே அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். மின்விசிறிக் காற்றில் விலைச்சீட்டு ஒன்று படபடக்கிறது. மகள் கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டே நிற்கிறாள். "இதுவே போதும்ப்பா." பிளேயரைக் கையில் எடுத்துக்கொள்கிறாள், கண் போனை விட்டு நகரவில்லை. அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா, பிளேயரை மெல்ல வாங்கி மேசைமேல் வைக்கிறார். "போனுக்கே பில் போடும்மா." கடைப்பெண் சிம்மைச் செருகித் திரையைத் தேய்க்கிறாள். "ஏதாவது நம்பர் சேவ் பண்ணித் தரட்டுமா சார்?" மகள் மூச்சை அடக்கிக்கொள்கிறாள். அப்பா முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு, "அம்மான்னு போடு," என்கிறார். பிறகு எதையும் பார்க்காமல், ஓரிடத்திலும் தடுக்காமல், பத்து எண்களையும் சொல்லி முடிக்கிறார்.