மேக் வீல் மாட்ட வந்தவர்

பின்பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டன. ரத்தினவேல் வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கடைசி நட்டை இறுக்கிக்கொண்டிருந்தான்.

நான் தள்ளி நின்று பார்த்தேன். வண்டியை அல்ல, அவனை.

மத்திகிரி ரோட்டு மெக்கானிக் ஷெட்டுக்கு நான் சக்கரம் மாட்டவா போனேன்? என் பெண்ணுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை அவன். ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோ கைமாறிவிட்டது. அடுத்த வாரம் வெற்றிலை பாக்கு மாற்றுவதாகப் பேச்சு. அதற்குள் பையன் எப்படி என்று விசாரித்தாக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் விசாரிப்பது என்றால் டீக்கடையில் கேட்பதுதான். என் மச்சான் அப்படித்தான் கேட்டான். தங்கமான பையன் என்று டீக்கடைக்காரர் சொன்னார். அந்தத் தங்கம் தினமும் குடித்துவிட்டு அடித்ததில், மச்சான் மகள் முனிலட்சுமி ஒரே வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள்.

எனக்கு இருப்பது ஒரே பெண். அவளைக் கட்டிக்கொடுக்க நினைத்தாலே பயமாக இருந்தது. நானே வேவு பார்ப்பதென்று கிளம்பிவிட்டேன்.

வேவு பார்க்க ஒரு சாக்கு வேண்டாமா? பெங்களூர் போய், ஏதோ வெளிநாட்டு ஜீப்பிலிருந்து கழற்றிய, மேக் வீல் என்கிற பளபளப்பான அலாய் சக்கரங்கள் நான்கை வாங்கி, தக்காளி ஏற்றும் என் பிக்கப்பில் போட்டுக்கொண்டு வந்தேன். சும்மா ஆயில் மாற்றச் சொல்லியிருந்தாலே போதும். அந்த யோசனை எனக்கு ஓசூர் வந்து சேர்ந்த பிறகுதான் வந்தது.

பெயர் நாராயணப்பன் என்றேன். ஊர் பர்கூர், மாம்பழ வியாபாரம் என்றேன். மீசையைக்கூட எடுத்திருந்தேன். பையன் சிரித்துக்கொண்டே ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

எதிர்க்கடைக்காரரிடம் கன்னடத்தில் பேசினான். ஜாக்கி கேட்டு வந்தவரிடம் தெலுங்கில் பேசினான். எதிலும் குரல் உயரவில்லை. குனிந்து மோந்தும் பார்த்தேன். பீடி வாசனைகூட இல்லை.

கல்யாணம் ஆகிவிட்டதா என்று போகிற போக்கில் கேட்டேன். பேச்சு நடக்கிறது என்றான். பெண் வீட்டார் எப்படி என்று நூல் விட்டேன்.

"பொண்ணு நல்ல பொண்ணுங்கண்ணா. அவங்க அப்பா எப்படின்னுதான் இன்னும் புரியல."

சிரிப்பை அடக்க இருமினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

முன்சக்கரத்தில்தான் வந்தது வினை. ஏறியது, நட்டும் இறுகியது. கையால் சுற்றிவிட்டான். கால் சுற்று போய்க் கர்ரென்று நின்றது. பின்னால் டிரம் பிரேக், அதனால் இடம் இருந்தது. முன்னால் டிஸ்க் பிரேக். அதைப் பிடிக்கும் காலிப்பர் புடைத்துக்கொண்டு வீலின் உட்புறத்தில் இடித்தது.

வாஷர் கொடுத்துத் தள்ளி வைக்கலாமே என்றேன். நட்டுக்குப் பிடிப்பு போய்விடும் என்றான்.

அதோடு நான் விட்டிருக்க வேண்டும். வந்த வேலை என்ன, செய்கிற வேலை என்ன? ஆனால் பின்னால் இரண்டும் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தன. எனக்குப் புத்தி கெட்டுவிட்டது. மாப்பிள்ளை மறந்துபோனான், பெண்ணும் மறந்துபோனாள். எங்கள் ஊர்க் கடைவீதியில் இந்தச் சக்கரங்களோடு நான் வந்து இறங்குவது மட்டும்தான் கண்ணில் நின்றது.

"பிரேக்கை ரெண்டு நூல் தேச்சு விடு தம்பி. கிரைண்டர் சும்மாதான கிடக்குது?"

பிரேக்கையா என்று நிமிர்ந்து பார்த்தான். ஆமாம், வண்டி ஓடினால் போதும், நிறுத்துவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வேறு யாரும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

முடியாது என்றான். வேறு ஷெட்டில் தேய்த்துக்கொள்கிறேன் என்றேன். அவன் வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பழைய சக்கரங்களை மாட்டாமல் வண்டி வெளியே போகாது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தான்.

கத்தினேன். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவன் பாட்டுக்கு மேக் வீல் நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

மனசுக்குள் சம்பந்தத்தை முறித்துவிட்டேன். மூத்தவன் பேச்சைக் கேட்காத இந்தத் திமிர் பிடித்தவனுக்கா என் பெண்? தரகர் சென்னப்பனிடம் என்ன காரணம் சொல்வது என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன்.

பழைய இரும்புச் சக்கரங்கள் நான்கும் ஏறின. ஒவ்வொன்றையும் உதைத்து, ஆட்டிப் பார்த்தான். கையைத் துடைத்துக்கொண்டு, சாவியை இரண்டு கையாலும் நீட்டினான்.

"கல்யாணத்துக்கு நானே கார் அனுப்பறன், மாமா. பொண்ணை மட்டும் இந்த வண்டில ஏத்தாதீங்க."

அவன் மேக் வீல்களைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனான். நானும் ஒன்றை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

பின்கதவில் சாண் உயர எழுத்து. சிவப்புப் பெயிண்ட், இரண்டு பக்கமும் ரோஜாப்பூ. 'ராசாத்தி, சாமல்பட்டி.'

வண்டி வாங்கிய அன்றே பெயிண்டரைக் கூப்பிட்டுப் பெண்ணின் பெயரையும் எங்கள் ஊரையும் எழுத வைத்தவன் நான்தான். தினமும் பார்த்துப் பார்த்து, அது என் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டிருந்தது.

அவன் சக்கரங்களை உள்ளே அடுக்கிவிட்டு, எழுத்தில் கிரீஸ் கை படாமல் ஓரமாகப் பிடித்துக் கதவைச் சாத்தினான்.

"அடுத்த வாரம் ஊட்டுக்கு வாங்க, மாப்ள" என்றேன். வேறு எதையும் பேசுகிற யோக்கியதை அன்றைக்கு எனக்கு இல்லை.