ஒவ்வொன்றாக

"நாலு சர்வரையும் ஒண்ணா நிறுத்தி, ஒரே அடியா உள்ளே ஓடற ஃபர்ம்வேர் மென்பொருளை மாத்திடு. அரை மணி நேர வேலை," என்றார் மேனேஜர்.

"வேணாம் சார். ஒவ்வொண்ணா மாத்திடறேன்," என்றாள் அந்தப் பெண்.

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான். அதற்குள் ஆபீஸில் 'நத்தை' என்று பெயர் வாங்கியிருந்தாள்.

மனம் உடைந்தவர்கள் எந்த நேரமும் கூப்பிட்டுப் பேசுவதற்கான உதவி எண் அந்த ஆபீஸுடையது. வருகிற அழைப்புகளை எல்லாம் வாங்கி, பக்கத்து அறையில் இருக்கும் ஆலோசகர்களுக்குக் கொடுப்பது அந்த நாலு சர்வர்கள்தான்.

"ஒவ்வொண்ணா பண்ணா எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒண்ணை நிறுத்தறதுக்கு முன்னாடி அதோட அழைப்பை மத்த மூணுக்கும் தள்ளி விடணும். மாத்தி, சோதிச்சுப் பாத்துட்டுதான் அடுத்ததைத் தொடணும். சாயங்காலம் ஆயிடும் சார்."

"சாயங்காலமா! மதியம் மச்சினன் குடும்பத்தோட சாப்பிட வர்றான்மா. நான் போகலேன்னா வீட்டுல எனக்கே ஃபர்ம்வேர் மாத்திடுவாங்க!"

அவள் சிரிக்கவில்லை. "நீங்க கிளம்புங்க சார். நான் பாத்துக்கறேன்."

"புது ஆளைத் தனியா விட்டுட்டா?" மேனேஜருக்கு எரிச்சல் ஏறியது. "காலையில ஈ காக்கா கூப்பிடாது. ராத்திரிதான் போன் அலறும். பத்து வருஷமா பாக்கறேன். அதனாலதானே இந்த வேலையைக் காலையில வச்சேன்?"

"புரியுது சார்."

"புரிஞ்சும் அடம் பிடிச்சா எப்படி? பயம், வேற ஒண்ணுமில்ல."

அவள் முதல் சர்வரின் அழைப்புகளை மற்ற மூன்றுக்கும் தள்ளிவிட்டு, அதை மட்டும் நிறுத்தினாள்.

"அரை மணி நேரம் யார் கூப்பிட்டாலும் எடுக்க ஆளில்லேங்கற மாதிரி என்னால பண்ண முடியாது சார். வேணும்னா வேற யாரையாவது வச்சுப் பண்ணிக்குங்க."

வேறு யார் இருக்கிறார்கள்? மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வீட்டுக்குப் போன் செய்து திட்டு வாங்கிக்கொண்டார்.

முதல் சர்வர் புது ஃபர்ம்வேரோடு எழுந்து நின்றது. அதுவரை ஒரு அழைப்புகூட வரவில்லை.

"பாத்தியா? சொன்னேன்ல?"

"இப்ப நம்ம நம்பருக்கு ஒரு போன் போட்டு சோதிக்கணும் சார்."

மேனேஜர் செல்போனை எடுத்துக்கொண்டு, எண்ணுக்காகச் சுவரில் இருந்த போஸ்டரைத் தேடினார். அதற்குள் அவள் தன் போனில் அத்தனை இலக்கங்களையும் கிடுகிடுவென்று தட்டிவிட்டாள். பக்கத்து அறையில் மணி அடித்தது. உடனே எடுத்தார்கள்.

"அடேயப்பா! பத்து வருஷத்துல எனக்கே மனப்பாடம் ஆகல. மூணு மாசத்துல உனக்கு எப்படிம்மா?"

இரண்டாவது சர்வரை நிறுத்தியபடியே அவள் சொன்னாள்:

"சேர்றதுக்கு முன்னாடியே தெரியும் சார். நான் கூப்பிட்டதும் ஒரு காலை நேரத்துலதான்."