வாசலில் மாட்டிய முகமூடி

லின்ஃபீல்ட் வீட்டு வாசலில் அந்த ஆப்பிரிக்க மர முகமூடியை மாட்டியவர் கதிர்காமநாதன்தான்.

"இது நிண்டா கண்ணூறு அண்டாது. கண்ட கண்ட சனமும் உள்ளுக்கு வராது, பாருமன்," என்றார் மனைவியிடம்.

ஆஸ்பத்திரி வேலையும் பார்த்து, சனி ஞாயிறெல்லாம் அவர் கூட்டி வரும் விருந்தாளிகளுக்கு ஆக்கிப்போட்டே அலுத்துப்போயிருந்த ரதிதேவி அதை நம்பினாள். சனம் என்னவோ குறையவில்லை. இந்தச் சனிக்கிழமை வந்து நின்றவர், அவரோடு வேலை செய்யும் லைபீரியாக்காரர் சாயே.

முகமூடியைக் கண்டதும் சாயேயின் முகம் மலர்ந்தது. "அட, வாசலிலேயே மாட்டிவிட்டீர்களா?" என்றார் ஆங்கிலத்தில்.

"கெட்டதை விரட்டத்தானே இது?" என்றாள் ரதிதேவி சோர்வாக.

"விரட்டவா? எங்கள் ஊரில் காட்டுக்குள் சடங்குக்காகத் தங்கியிருக்கும் பையன்களுக்கு இதுதான் வீடுவீடாக வந்து சாப்பாடு கேட்கும். இது வாசலுக்கு வந்தால் பெண்கள் சமைத்துக் கொடுப்பார்கள். இதை நான் தரும்போதே நாதனிடம் எல்லாம் சொன்னேனே!"

ரதிதேவி மெல்லத் திரும்பினாள்.

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, கதிர்காமநாதன் தானாகவே குசினிக்குள் போய் அரிசி கழுவிக்கொண்டிருந்தார்.